விதைநெல்லும் பந்தெறிவோனும்

ஐக்கிய அமெரிக்காவிலே யூலை மாதம் பிறந்ததும் பேஸ்போல் இரசிகரிடையே ஒரு வழக்குத் தொடங்கிவிடும். வீட்டு மேசையிலும் மதுச்சாலையிலும் வானொலியிலும் பத்திரிகையிலும் அம்மாத முடிவு வரை அஃது ஓயாது நடைபெறும். வழக்கின் பொருள் இதுவே: எம் கழகம் இவ்வாண்டு வெற்றிக்கு மிக அண்மையில் நிற்கின்றது, சிறந்த பந்தெறிவோன் ஒருவனே குறை. அத்தகையோன் ஒருவனைப் பிறிதொரு கழகத்திடமிருந்து பெறவேண்டுமாயின், நாம் வளர்த்துவரும் இளைஞர் மூவரையோ நால்வரையோ ஈடாகக் கொடுத்தல் வேண்டும். கொடுக்கலாமா, கூடாதா?

எம் கல்லூரி மைதானத்தின் வேலியோரம் நின்று கிறிக்கெற் கண்டு வளர்ந்தோர்க்கு இவ்வழக்கு முதலில் விநோதமாகவே தோன்றும். பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து நம்பிக்கைக்குரிய பையன்கள் மூவரைக் கொடுத்து, அயற் கல்லூரியின் வேகப் பந்து வீச்சாளன் ஒருவனை வருடாந்தப் பெரும் போட்டிக்கென வாங்கிவந்தால் எப்படியிருக்கும்! பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் அன்று எழக்கூடிய ஆரவாரத்தை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழின்முறைக் கழகங்களிடையே இவ் ஆள்மாற்று நெடுநாளைய வழக்கம். அதற்கென விதிகளுண்டு, இறுதி நாளும் உண்டு. எனினும் ஆரவாரம் மட்டும் நாம் எண்ணியவாறே எழுகின்றது.

ஒரு பந்தெறிவோனுக்கு இத்துணை விலை ஏன் என்பதை முதலில் விளக்குவோம். கிறிக்கெற்றில் ஓர் ஓவர் முடிந்ததும் பந்து மற்றொருவர் கைக்கு மாறும். பேஸ்போலில் அங்ஙனமன்று. ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவோன், களைக்கும் வரையோ எதிரணியினர் அவனை அடித்து விரட்டும் வரையோ, தானே தொடர்ந்து எறிவான். ஏறத்தாழ நூறு பந்துகளை முழு வலிவுடன் எறிந்த கை உடனே மீண்டும் எறியத் தகுதியற்றது. நான்கு நாளாயினும் ஓய்தல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கழகமும் பொதுவாக ஐவரைச் சுழற்சியில் வைத்திருக்கும். வெற்றியும் தோல்வியும் பந்தெறிவோர் பெயரிலேயே ஏட்டிற் பதியப்படும். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒருவன் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி அவன் திறனை அளக்கும் மற்றொரு கோல். அது நான்குக்குக் கீழிருப்பின் நன்று. இரண்டுக்குக் கீழிருப்பின் அருமையிலும் அருமை.

பருவமொன்றில் 162 ஆட்டங்கள். யூலை முடிவில் வாங்கப்படும் பந்தெறிவோனுக்கு எஞ்சுவன 11 அல்லது 12 ஆட்டங்களே. இதைக் கேட்பவர் எவரும், பன்னிரண்டு நாள் வேலைக்காகவா பிள்ளைகளைக் கொடுப்பது என்று கேட்பர். ஆனால் பருவத்தின் பின் வரும் இறுதிச் சுற்றுகளில் ஏழு ஆட்டத் தொடரொன்றில் அவன் இரு முறை எறியக்கூடும். நான்கு வெற்றியில் இரண்டு அவன் கையில் என்பது சிறிய காரியமன்று.

இனி, ஈடாகக் கொடுக்கப்படும் இளைஞர் யாவர்? மேஜர் லீக் கழகம் ஒவ்வொன்றின் கீழும் சிறு நகரங்களிலே தரந்தரமாகப் பல அணிகள் உள்ளன. 1920களில் சென் லூயிஸ் கழகத்தை நடத்திய பிராஞ்ச் றிக்கி என்பார் இம்முறையைப் பெரிதாக வளர்த்தெடுத்தவர். அமெரிக்கர் இதனைப் ‘பண்ணை’ என்றே அழைக்கின்றனர். பெயர் நன்கு பொருந்துகின்றது. பதினேழு பதினெட்டு வயதில் சேர்க்கப்படும் இளைஞருட் பெரும்பாலோர் மேல் மட்டத்தை எட்டாமலே வீடு திரும்புவர். எட்டியவரோ, மேஜர் லீக்கில் ஆறாண்டுச் சேவை நிறைவெய்தும் வரை தம்மை வைத்திருக்கும் கழகத்துக்கே உரியவர். முதல் மூன்றாண்டுகளில் அவர் பெறுவது பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்தையொட்டிய தொகையே. 2025இல் அக்குறைந்தபட்சம் 7 இலட்சத்து 60 ஆயிரம் டொலர். அவ்வாண்டில் முன்னணிப் பந்தெறிவோர் சிலர் பெற்றதோ 4 கோடி டொலருக்கு மேல். எனவே நன்கு விளைந்த இளைஞன் ஒருவன் கழகத்தின் பணப்பெட்டிக்கும் பெருந்துணை. அவன் உண்மையிலேயே விதைநெல்.

விதைநெல்லை உண்பவன் மடையன் என்பது எம்மூர்க் கமக்காரர் யாவரும் அறிந்தது. இளைஞரைக் கொடுக்கலாகாது என்போர் பேசுவதும் இதுவே. அவர் கூறுவதில் நியாயமுண்டு. கூடவே சற்று மயக்கமும் உண்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இன்னும் ஒரு பந்தையேனும் பெரிய மைதானத்தில் எறியாத இளைஞன் இரசிகர் மனத்தில் ஒருபோதும் தோற்பதில்லை. அவனுக்குத் தோள் வலிப்பதில்லை. முழங்கை நரம்பு அறுவதில்லை. இளம் பந்தெறிவோரைப் பற்றியோ அமெரிக்கரிடையே, அவர்களை நம்பிக் கணக்கிடுதலே வீண் என்றொரு கசப்பான பேச்சு வழங்குகின்றது. மறு கட்சியார்க்கும் ஒரு வாசகம் உண்டு: ஏற்றிய வெற்றிக்கொடி என்றும் இறங்காது என்பது. நாளை வரும் என்று சொல்லப்பட்ட நாளை ஒருபோதும் வராத கழகங்கள் பலவற்றை அவர் எடுத்துக் காட்டுவர்.

இவ்வழக்கில் இரு கட்சியாரும் தவறாது சாட்சிக்கு அழைப்பது டெட்ரோயிட் கழகத்தின் 1987ஆம் ஆண்டு ஆள்மாற்றை. அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் டெட்ரோயிட் கழகம் அத்திலாந்தா கழகத்திடமிருந்து டொயில் அலெக்சாண்டர் என்ற 36 வயதுப் பந்தெறிவோரைப் பெற்றது. ஈடாகக் கொடுக்கப்பட்டவர் 20 வயதினரான ஜோன் ஸ்மோல்ட்ஸ். டெட்ரோயிட் அமைந்துள்ள மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்து, சிறு வயது முதல் அக்கழகத்திற்கே ஆட விரும்பியவர். விருப்பம் எவரும் கேட்கவில்லை; பண்டத்தின் விருப்பத்தைச் சந்தையில் கேட்பாருமில்லை.

வாங்கப்பட்டவர் செய்ததோ வியப்பு. பருவத்தின் எஞ்சிய பகுதியில் 11 ஆட்டங்களைத் தொடங்கினார், 9 வெற்றி, தோல்வி ஒன்றேனும் இல்லை. ஓட்டச் சராசரி 1.53. பருவம் முடிய ஒரு வாரமே இருக்கையில் டெட்ரோயிட் கழகம் ரொறன்ரோ கழகத்துக்குப் பின்னேயே நின்றது. பின்னர் ரொறன்ரோ தன் கடைசி ஏழு ஆட்டங்களையும் தோற்க, அவற்றுள் இறுதி மூன்றையும் டெட்ரோயிட் தன் மைதானத்திலே வென்று, 98 வெற்றிகளுடன் பிரிவின் முதலிடத்தைக் கைப்பற்றியது. அம்மூன்றில் முதலாவது அலெக்சாண்டர் தொடங்கி வென்றது. 1985இல் இதே ரொறன்ரோ கழகத்துக்கு முதலிடத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் எறிந்தவரும் அவரே என்பதை நினைக்கும்போது, ரொறன்ரோ இரசிகரின் மனநிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. அடுத்த சுற்றில் மின்னசோட்டா கழகம் டெட்ரோயிட்டை நாலுக்கு ஒன்றாக வென்றது. அலெக்சாண்டர் தொடங்கிய இரண்டும் தோல்வி. 1989இல் 18 ஆட்டங்களைத் தோற்று அவர் ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸோ 1988 முதல் 2008 வரை அத்திலாந்தாவின் தூண்களுள் ஒருவராக விளங்கினார். 1995இல் அக்கழகம் உலகத் தொடரை வென்றது. 1996இல் ஆண்டின் சிறந்த பந்தெறிவோர்க்குரிய சை யங் விருது அவருக்குக் கிடைத்தது. 213 வெற்றிகளுடன் ஓய்ந்து, 2015இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். டெட்ரோயிட் கழகம் மறுபடி இறுதிச் சுற்றைக் கண்டது 2006இல். இடையே 2003இல் ஒரே பருவத்தில் 119 ஆட்டங்களைத் தோற்றது.

இதனைக் கேட்டவர், மகா மடமை என்று உடனே தீர்ப்புக் கூறுவர். நாம் அங்ஙனம் கூறத் துணியோம். 1987 ஓகஸ்டில் ஸ்மோல்ட்ஸ் யார்? கிளென்ஸ் ஃபோல்ஸ் என்னும் சிற்றூரின் அணியில் 4 ஆட்டங்களை வென்று 10 ஆட்டங்களைத் தோற்றிருந்த, ஓட்டச் சராசரி ஐந்தரையைத் தாண்டிய ஓர் இளைஞர். எறி வேகம் இருந்தது. எறியும் இடம் நிலைப்படவில்லை. அவர் புகழ் மண்டபத்துக்குச் செல்வார் என்பதை அன்று ஏட்டில் எவரும் படித்திருக்க முடியாது. அலெக்சாண்டர் வந்திராவிடின் டெட்ரோயிட் அவ்வாண்டு முதலிடம் பெற்றிராது என்பதோ ஏட்டிலேயே இருக்கின்றது. ரொறன்ரோவைவிட அது அதிகமாகப் பெற்ற வெற்றிகள் இரண்டே. அன்றறிந்ததைக் கொண்டு செய்த காரியத்தைப் பின்னறிந்ததைக் கொண்டு அளப்பது நீதியாகாது. மேலும், டெட்ரோயிட்டில் இருந்திருந்தால் ஸ்மோல்ட்ஸ் அதே ஸ்மோல்ட்ஸாக வளர்ந்திருப்பார் என்பதற்கு என்ன பிணை? நிலமும் நீரும் மாறினால் விளைவும் மாறும்.

எந்த விதை முளைக்கும் என்பதை விதைத்தவர்தாமும் அறியார் என்பதற்கு 2008இல் மில்வோக்கியில் நடந்தது நல்ல சான்று. அக்கழகம் 1982க்குப் பின் இறுதிச் சுற்றைக் காணாதது. அவ்வாண்டில் பிறந்த குழந்தை இருபத்தாறு வயதை எட்டிவிட்டது. யூலை 7ஆம் நாள் கிளீவ்லாந்து கழகத்திடமிருந்து சீ. சீ. சபத்தியா என்ற பெருவலிவுடைய பந்தெறிவோரை வாங்கியது. ஈட்டில் முதன்மையாக மதிக்கப்பட்டவர் மற் லபோற்றா என்ற அடித்தாடும் இளைஞர். கூடவே வேறு இருவரும், ‘பின்னர் பெயர் குறிக்கப்படும்’ ஒருவரும்! சபத்தியா தொடங்கிய 17 ஆட்டங்களில் வெற்றி 11, தோல்வி 2, சராசரி 1.65. பருவத்தின் இறுதியில் நான்கு நாள் ஓய்வையும் மூன்றாகக் குறைத்துக்கொண்டு அவர் மீண்டும் மீண்டும் எறிந்தார். கடைசி நாளன்று சிக்காகோவுக்கெதிராக முழு ஆட்டத்தையும் தானே எறிந்து வென்றார். மில்வோக்கி இறுதிச் சுற்றுள் நுழைந்தது. முதற் சுற்றிலேயே பிலடெல்பியாவிடம் தோற்றது. அவ்வாண்டு முடிவிற் சபத்தியா நியூயோர்க்குக்குப் போய்விட்டார்.

லபோற்றா பெரிதாக விளையவில்லை. கிளீவ்லாந்துக்கு விளைந்தது, பெயர் குறிக்காமல் விடப்பட்டிருந்த அந்த ஒருவர். ஒக்டோபரில் பெயர் குறிக்கப்பட்ட மைக்கல் பிராண்ட்லி. 2014இல் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்க்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். யூலையில் ஈட்டைக் குறித்து வாதிட்டோர் லபோற்றாவுக்காகவே வாதிட்டனர். மில்வோக்கி இரசிகர் பலர் இன்றும் இவ்வாள்மாற்றைக் குறை கூறுவதில்லை. அவர்கள் வாங்கியது கிண்ணத்தையன்று, ஒரு செப்டெம்பர் மாதத்தை. இருபத்தாறு ஆண்டு காத்திருந்தவர்க்கு அது போதிய விலையோ என்பதை, காத்திராத நாம் தீர்ப்பது முறையன்று. வயதான இரசிகர் பெரும்பாலும் கொடுக்கும் கட்சியிலும் இளையோர் வைத்திருக்கும் கட்சியிலும் நிற்பார்கள் என்பது எம் ஊகம். எஞ்சிய பருவங்களை எண்ணத் தொடங்கியவர்க்கு விதைநெல்லின் மீது அத்துணைப் பற்று இராது.

கழகங்களுக்கும் அவ்வாறு நாள் எண்ணும் நிலை வருவதுண்டு. 2002இல் மொன்றியல் கழகம் உரிமையாளர் எவருமின்றி, மேஜர் லீக் நிருவாகத்தின் கையிலேயே இருந்தது. அதனைக் கலைத்துவிடும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. வயலே பறிபோகும் என்று அஞ்சுபவன் விதைநெல்லை எதற்கென வைத்திருப்பான்? யூன் மாதத்தில் பார்த்தோலோ கொலோன் என்ற பந்தெறிவோரை வாங்கக் கிளிஃப் லீ, கிறேடி சைஸ்மோர், பிராண்டன் பிலிப்ஸ் ஆகிய மூன்று இளைஞரையும் வேறொருவரையும் கிளீவ்லாந்துக்கு அள்ளிக் கொடுத்தது. கொலோன் 10 ஆட்டங்களை வென்றும் மொன்றியல் இறுதிச் சுற்றை எட்டவில்லை. இளைஞர் மூவரும் பின்னர் பெயர்பெற்ற ஆட்டக்காரராயினர். 2008இல் லீ சை யங் விருதையும் வென்றார். கழகம் கலைக்கப்படாமல் 2005இல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. இவ்வாள்மாற்றைத் திட்டாத பேஸ்போல் எழுத்தாளர் அரியர். எமக்கோ, அக்கழகம் இருந்த நிலையில் அது செய்தது விளங்காத காரியமாகத் தோன்றவில்லை.

கொடுத்து வென்றோரும் உளர். 1992 ஓகஸ்டில் ரொறன்ரோ கழகம் டேவிட் கோன் என்ற பந்தெறிவோரை வாங்கி, அவ்வாண்டே தன் முதலாவது உலகத் தொடரை வென்றது. கொடுக்கப்பட்ட இருவருள் ஜெஃப் கென்ட் 2000ஆம் ஆண்டில் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரரெனத் தெரிவானார். ஆயின் அப்போது அவர் இருந்தது சான் பிரான்சிஸ்கோவில்; அவரைப் பெற்ற நியூயோர்க் கழகம் 1996இலேயே அவரையும் கைமாற்றிவிட்டிருந்தது. கொடுத்தவர்க்கும் இல்லை, பெற்றவர்க்கும் இல்லை, பலன் மூன்றாமவர்க்கு!

பத்தாண்டுச் சேவையும், அதில் இறுதி ஐந்தாண்டை ஒரே கழகத்திலும் கழித்த மூத்த ஆட்டக்காரர்க்கு ஆள்மாற்றை மறுக்கும் உரிமையுண்டு. 2017 ஓகஸ்ட் 31ஆம் நாள் இரவு ஜஸ்டின் வேர்லாண்டர் இவ்வுரிமையுடனேயே தம் முடிவை எண்ணிக்கொண்டிருந்தார். நள்ளிரவோடு காலம் முடிகின்றது. 2019இல் விதி மாறி யூலை இறுதியோடு எல்லாம் முடியும் முறை வரும் வரை, ஓகஸ்டிலும் சில கட்டுப்பாடுகளுடன் ஆள்மாற்ற இடமிருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன்னரே அவர் ஹூஸ்டன் கழகத்துக்குச் செல்ல இசைந்தார். அங்கே பருவத்தின் எஞ்சிய 5 ஆட்டங்களையும் வென்றார்; ஹூஸ்டன் அவ்வாண்டு உலகத் தொடரைக் கைப்பற்றியது. அவரைக் கொடுத்து இளைஞர் மூவரைப் பெற்றுக்கொண்ட கழகம் டெட்ரோயிட். முப்பது ஆண்டின் முன் விதைநெல்லை விற்ற அதே ஊர் இம்முறை விதைநெல்லை வாங்கியது. மூவருள் ஜேக் றொஜர்ஸ் டெட்ரோயிட்டின் பந்து காப்பவரானார். டாஸ் கமறோனும் சில காலம் அங்கே ஆடினார். மூவரிலும் விலை மிகுந்தவராக மதிக்கப்பட்ட பிராங்ளின் பெரெஸ் என்ற இளம் பந்தெறிவோரோ, தோட் காயங்களால் நலிந்து, டெட்ரோயிட் மைதானத்தில் ஒரு நாளேனும் எறியவில்லை.