பறக்காத பறவை பறந்தது!

நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தேன். பரணை ஒழித்தபோது, மாமனாரின் பழைய டிரங்குப் பெட்டிக்குள் வட்டமாய் ஒரு தகர டப்பா அகப்பட்டது. ஒரே அழுக்கு, துரு. உள்ளே நாலு சட்டைப் பொத்தான்கள். புளியும் கம்பி நாருமாகத் தேய்த்தேன். வெள்ளிக் கிண்ணம் தோற்றது, போங்கள்!

மாலையில் என் கணவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"மூடியிலே ஒரு பறவை இருந்ததே?" என்றார்.

"ஏதோ மங்கலாய் இருந்ததுங்க. தேய்க்கத் தேய்க்கப் போய்விட்டது" என்றேன், பெருமையாகவே.

அவர் கோபிக்கவில்லை. "காலையில் ஆபீஸ் கிளம்புமுன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்திலுள்ள சின்னத் திருகைத் திருப்பி இதைத்தான் திறப்பார்" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தாலே தேவலை என்றிருந்தது எனக்கு.

அப்புறந்தான் அந்தப் பறவையைப் பற்றி விசாரித்தேன். அது கிவி. நியூஜிலாந்து நாட்டுப் பறவை, பறக்க வராது. ஆனால் கிவி ஷூ பாலிஷ் பிறந்தது ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில், 1906-ஆம் ஆண்டில். அதை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ராம்ஸே. அவருடைய மனைவி ஆனியின் பிறந்தகம் நியூஜிலாந்து. அதை நினைத்தே சரக்குக்கு அந்தப் பெயரைச் சூட்டினாராம். மனைவியின் பிறந்தகப் பெருமையை டப்பாவில் அடைத்து ஊரெல்லாம் விற்ற கணவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்!

1914-ல் ராம்ஸே காலமானார். அதே ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. சிப்பாய்களின் பூட்ஸுகளோடு கிவியும் கடல் கடந்து போயிற்று. அந்தப் புகழைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இப்படிப்பட்ட பாலிஷ் டப்பாக்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உள்ளே இருக்கும் பாலிஷ் பெரிதல்ல, மூடியிலுள்ள படந்தான் பெரிது. அது ஒட்டிய காகிதமல்ல. தகரத்தின் மேலேயே அச்சடித்தது. கல்லில் எழுதிய படத்தை ஓர் உருளையில் ஏற்றி, அதிலிருந்து தகரத்துக்கு மாற்றும் முறைக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே என்பவர் 1875-ல் காப்புரிமை பெற்றார். படம் வெறும் மெல்லிய வர்ணப் பூச்சு. சுரண்டினால் போனது போனதுதான்.

ஆகையால், சகோதரிகளே, உங்கள் பரணிலும் ஒரு டப்பா அகப்பட்டால் புளியைத் தொடாதீர்கள். தண்ணீரும் வேண்டாம், துரு ஏறும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். உள்ளே பாலிஷ் மிச்சமிருந்தால் அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள், தீப்பற்றும். வயதை அறிய எழுத்துக்களைப் படியுங்கள். எடை கிராமில் இல்லாமல் அவுன்ஸில் மட்டும் இருந்தால் பழைய டப்பாவாக இருக்கலாம். விலைக்கான கோட்டுக் குறி இருந்தால் 1974-க்கு முந்தியதாக இராது. கடைகளில் அந்தக் குறி வந்ததே அந்த ஆண்டில்தான்.

மறுநாள் பார்த்தேன். அந்த நாலு பொத்தான்களையும் அதே டப்பாவில் போட்டு, தம் மேஜைமேல் வைத்திருந்தார் என் கணவர். மெல்லத் திருப்பினேன். விளிம்பின் மடிப்பில், என் நார் எட்டாத இடத்தில், நூலளவு வர்ணம் மிச்சமிருந்தது. அந்த மேஜையை இப்போதெல்லாம் நான் துடைப்பதில்லை, அவரே துடைத்துக்கொள்கிறார்.