எல்லாங் காணும் கண் வேண்டுமா?

பாடசாலை விடுமுறை நாளொன்றின் மாலைப்பொழுது. நமது வீட்டு முன்னறையில் இரு மாணவர் இரு கணனிகளின் முன்னமர்ந்து எதிரெதிர் அணிகளில் நின்று போர் புரிந்துகொண்டிருந்தனர். ஒருவன் நம் தமக்கையின் மகன். மற்றவன் அவனுடைய வகுப்புத் தோழன். வைத்த தேநீர் வைத்தபடியே ஆறிக் கிடந்தது. சிறிது நேரத்திற் போர் திரையை விட்டிறங்கி முன்னறைக்கே வந்துவிட்டது.

"மாமா, நீங்களே நியாயஞ் சொல்லுங்கள். இவன் ஆட்டந் தொடங்கியது முதல் முடியும் வரை வெப்பப் பார்வையை அணைப்பதே இல்லை. பிறகு இரவு எதற்கு? பனி எதற்கு? நான் பதுங்கிப் பதுங்கிப் போய் என்ன பயன்?"

"விளையாட்டில் உள்ள வசதியைத்தானே பயன்படுத்துகிறேன், சேர்? இதிலே களவு என்ன இருக்கிறது?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆதலின் உடனே தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. இரண்டு மூன்று நாள் அருகிலிருந்து ஆட்டத்தைக் கவனித்தோம். அதன் வரலாற்றையும் தேடிப் படித்தோம். சிறுவர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக் கூடாத ஒரு கேள்வி அதனுள்ளே இருப்பதைக் கண்டோம். ஒரு கருவி எவ்வளவு காட்டலாம்? காட்டுவதற்கு என்ன விலை வாங்கவேண்டும்? இவையே அக்கேள்வி.

வெப்பத்தை எண்ணும் போர்

அவர்கள் ஆடியது 'மெக்வொரியர் ஒன்லைன்' என்பது. கனடாவில் வன்கூவர் நகரைச் சேர்ந்த பிரானா கேம்ஸ் என்னும் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் அதனை முறைப்படி வெளியிட்டது. ஆயினும் இதன் வேர் கணனியில் இல்லை, மேசையில் இருக்கிறது. அமெரிக்காவிலே சிக்காகோ நகரில் இயங்கிய ஃபாசா என்னும் நிறுவனம் 1984இல் ஒரு மேசை விளையாட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதற்குப் 'பற்றில்ரெக்' என்னும் பெயர் நிலைத்தது. 'மெக்' எனப்படும் நடக்கும் போர் யந்திரங்களே அதன் பாத்திரங்கள். இருபது தொன் எடையுள்ள சிறு யந்திரம் முதல் நூறு தொன் எடையுள்ள பெரும் யந்திரம் வரை பல வகை உண்டு. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு வீரன் அமர்ந்து அதனைச் செலுத்துவான்.

அந்த விளையாட்டை ஆக்கியோர் செய்த புத்திசாலித்தனமான காரியம் வெப்பத்தைக் கணக்கிற் சேர்த்தமையாகும். நடுத்தர லேசர் ஒருமுறை சுட்டால் 3 அலகு வெப்பம் உண்டாகும். துகட்கற்றைப் பீரங்கி சுட்டால் 10 அலகு. யந்திரத்தோடு வரும் வெப்பங்கழிப்பான்கள் பத்தும் ஒரு சுற்றில் 10 அலகை வெளியேற்றும். எஞ்சியது உள்ளேயே தங்கும். வெப்பம் 14 அலகை எட்டினால் யந்திரம் நின்றுபோகும் அபாயம் தொடங்கும். 30 அலகை எட்டினால் நின்றே போகும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு துகட்கற்றைப் பீரங்கிகளை ஒருவன் நின்ற இடத்தில் நின்றபடி சுற்றுத்தோறுஞ் சுடுகின்றான். சுற்றுக்கு 20 அலகு வரவு, 10 அலகு செலவு. மூன்றாவது சுற்றின் முடிவில் மிச்சம் 30. ஆவேசக்காரனுடைய யந்திரம் எதிரியின் முன்னே அசைவற்று நிற்கும். நிதானக்காரனோ ஒரு பீரங்கியைச் சுட்டு மற்றதை அடக்கி வைப்பான். அல்லது நீருள் இறங்கி நின்று வெப்பத்தைக் கழிப்பான். தாக்கும் வலிமைக்கு வெப்பமே விலை.

பல கண்கள்

கணனி விளையாட்டாக வளர்ந்த காலத்தில் இதனோடு பார்வையும் சேர்ந்தது. மெக்வொரியர் ஒன்லைன் ஆட்டத்தில் வீரனுக்கு மூன்று விதப் பார்வை உண்டு. ஒன்று, வெறுங்கண்ணின் பார்வை. இரண்டாவது, மங்கிய ஒளியைப் பெருக்கிக் காட்டும் இராப்பார்வை. மூன்றாவது, வெப்பப் பார்வை. இவற்றின் வேறாக உணரியும் உண்டு. சாதாரண உணரி 800 மீற்றர் வரை எதிரியைப் பற்றி நிறுத்தும். அவன் எந்த ஆயுதம் தாங்கியுள்ளான், அவனுடைய கவசம் எங்கே பழுதுபட்டது என்பவற்றைச் சிறிது சிறிதாக அறிவிக்கும். தொலைதூர ஏவுகணை இலக்கைப் பற்றிச் செல்வதும் இவ்வுணரியின் துணைகொண்டே.

ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு வேலை இருந்தால் ஆட்டம் சுவைக்கும். ஒரு கண் மற்றவற்றின் வேலையையெல்லாம் தானே செய்துவிட்டாலோ, சிக்கல் அங்கேதான் தோன்றும். உறைபனி மூடிய நகரொன்று போர்க்களமாக அமைகிறது. சுற்றிலும் குளிர்; நடுவே கொதிக்கும் யந்திரம். வெப்பப் பார்வையை இட்டவனுக்கு எதிரி இருளில் ஏற்றிய விளக்குப்போலத் தெரிவான். அப்படியாயின் அவன் வேறு கண்ணை நாடுவானேன்? ஓவியர் வரைந்த அந்தியும் மூடுபனியும் வீணாகின்றன. வேவு பார்ப்பதற்கென இலேசான கவசத்தோடு செல்லும் சிறு யந்திரத்துக்கு மறைவே உயிர், அதுவும் போயிற்று. நமது மருமகன் செலுத்தியது அத்தகைய சிறு யந்திரமே. அவனுடைய கோபத்தின் காரணம் நமக்கு அப்போதுதான் விளங்கியது.

இயற்கை வைத்த எல்லை

இதற்குப் பரிகாரம் யாது? விளையாட்டை அமைப்போன் முதலிற் பௌதிகத்தைக் கேட்பது நன்று என்பது நமது எண்ணம்.

1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் ஞாயிற்றொளியை அரியத்தினூடே செலுத்தி, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துச் சோதித்தார். செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் வெப்பமானி உயர்ந்தது. அவ்விதம் வெளிப்பட்டவையே செந்நிறக்கீழ்க் கதிர்கள். நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்கிரோமீற்றர் வரை. நம் உடலோ இரவும் பகலும் கதிர்வீசுகிறது. அக்கதிர் மிகுந்திருக்கும் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர். வெப்பக்கமரா பார்ப்பது இத்தகைய கதிரையே.

ஆனால் அதற்கும் குருடு உண்டு. அது காண்பது சூட்டை அன்று, சூட்டின் வேறுபாட்டை. வெயிலிற் காய்ந்த பாறையும் அதன் முன் நிற்கும் யந்திரமும் ஒரே அளவு சூடாயின் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நாளொன்றில் இருமுறை, காலையிலும் மாலையிலும், சூடேறும் பொருளும் ஆறும் பொருளும் ஒரே வெப்பநிலையைக் கடந்து செல்லும் சிறு பொழுதுண்டு. அப்போது வெப்பக்கமராவின் படம் மங்கும். சாதாரணக் கண்ணாடி நமக்குத் தெளிந்த பொருள். 10 மைக்கிரோமீற்றர்க் கதிருக்கோ அது சுவர். மழை எல்லாப் பொருளையும் நனைத்து வேறுபாட்டைக் குறைக்கும். அடர்ந்த மூடுபனி இக்கதிரையும் தடுக்கும்.

நமது நாட்டுக் காடுகளில் வாழும் குழிவிரியன் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் இடையில் வெப்பம் உணரும் குழி இருக்கிறது. அதனால் அப்பாம்பு கண்ணைத் துறந்துவிடவில்லை. குழி தருஞ் செய்தியும் கண் தருஞ் செய்தியும் அதன் மூளையில் ஓரிடத்தே சேருகின்றன. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

ஆகவே குறையற்ற வெப்பப் பார்வை விளையாட்டுக்கு மட்டும் கேடன்று. அது பௌதிகத்துக்கும் புறம்பானது. இயற்கை வைத்த எல்லைகளை ஆட்டத்துட் கொண்டுவந்தாலே பாதிச் சமன் தானாக வந்துவிடும்.

விலை வைக்கும் விதம்

மீதிப் பாதிக்கு இருவழி உண்டு. வெப்பப் பார்வை இத்தனை மீற்றருக்கு மேற் செல்லாது என்று வெட்டிவிடுவது ஒன்று. இது எளிது, ஆனால் ஆடுவோன் அதிலிருந்து கற்பது ஒன்றுமில்லை. மற்றது, காண்பதற்கும் காணப்படுவதற்கும் விலை வைப்பது. இவ்விளையாட்டில் அவ்விலை ஏற்கெனவே இருக்கிறது, அதுவே வெப்பம். சற்றுமுன் பீரங்கிகளை அள்ளிச் சுட்டவன் வெப்பப் பார்வையில் நெடுந்தூரத்துக்கு ஒளிரட்டும். சுடாது காத்து, நீரில் நின்று ஆறியவன் அருகில் வந்தாலன்றித் தெரியாதிருக்கட்டும். அவ்வாறமைந்தால், 'இப்போது சுடவா, மறைந்திருக்கவா?' என்னும் கேள்வி ஒவ்வொரு கணமும் வீரனை எதிர்நோக்கும். அந்தக் கேள்வியன்றோ விளையாட்டு!

உணரியிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. 2012 டிசெம்பரில், வெளியீட்டுக்கு முந்திய சோதனைக் காலத்தில், உணரியைக் குழப்பும் கருவியொன்று இவ்வாட்டத்திற் சேர்க்கப்பட்டது. எடை ஒன்றரைத் தொன் மாத்திரமே. அதுவோ தன்னைச் சூழ 180 மீற்றருக்குள் நின்ற தோழரையும் எதிரியின் உணரியிலிருந்து மறைத்தது. மேசை விளையாட்டில் அதன் வீச்சு ஆறு கட்டம். கட்டமொன்று 30 மீற்றர். ஆகவே 180 என்பது மூலநூலுக்கு மாறானதன்று. எனினும் சிறு விலைக்குப் பெரும் பயன் கிடைத்தபடியால் ஆடுவோரிடையே மனக்குறை எழுந்தது. ஏவுகணையாளன் கைகட்டி நிற்க நேர்ந்தது. பின்னர் அதற்கு மாற்றுக்கள் வகுக்கப்பட்டன. துகட்கற்றைப் பீரங்கியின் அடி பட்டால் கருவி சிறிது நேரம் செயலற்றுப்போகும் என்றாயிற்று. பின்னாளில் வீச்சும் 90 மீற்றராகக் குறைக்கப்பட்டது. மூலநூலுக்கு ஒத்த எண்ணும் களத்தில் ஒவ்வாது போகலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். வெப்பப் பார்வையை அளவு மீறி மழுங்கடித்தால் ஆடுவோர் சும்மா இருப்பார்களா? திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, இருண்ட களத்தைப் பகலாக்கிக் கொள்வார்கள். ஆட்டத்துக்குள் நியாயமாகக் கிடைக்காததை ஆட்டத்துக்கு வெளியே தேடுவது மனித சுபாவம். கண்பார்வை குறைந்தவனுக்கும் புதிதாகப் பழகுபவனுக்கும் தெளிவான படம் ஓர் ஊன்றுகோல் என்பதையும் மறத்தலாகாது. ஆதலின் அந்தக் கண்ணைப் பிடுங்கிவிடக் கூடாது. அதற்கு வேளையும் இடமும் வகுக்கவேண்டும்.

மூன்றாம் நாள் மாலையில் இருவரையும் அழைத்து நமது தீர்ப்பைக் கூறினோம். தோழன் களவு செய்யவில்லை. விதி கொடுத்ததை எடுத்தான். மருமகன் முறையிட்டதும் சரியே. ஆனால் அவன் முறையிடவேண்டியது தோழனிடமன்று, விதியை வகுத்தோரிடம். இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தனர். பின்பு தோழன், "அப்படியானால், சேர், நாங்கள் இருவரும் எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டால் என்ன? மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, அரை நிமிடம் மட்டும் வெப்பப் பார்வை," என்றான்.

மருமகன் சம்மதித்தான். நேரம் பார்க்கும் வேலை நமக்கு வந்து சேர்ந்தது. கடிகாரத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு அமர்ந்தோம். அன்று தேநீர் மூன்று பேருக்கும் ஆறிப்போயிற்று.