இளைஞர் எழுச்சியும் நுகர்ச்சி வேட்கையும்

கடையிற் பொருள் வாங்குதல் அவரவர் தனிச்செயல் என்றே பொதுவாக எண்ணுகின்றோம். ஆயினும், எதனை வாங்குவது, எதனை வாங்காது விடுவது என்னும் வினா, பல நாடுகளில் இளைஞரின் அறப்போராக மாறியதுண்டு. அவற்றுட் சிலவற்றை நோக்கின், மறுத்தல் எப்போது பயன் தரும் என்பது புலனாகும்.

1905 இல் வங்காளத்தில் எழுந்த சுதேசி இயக்கம் அந்நியத் துணியை விலக்கியது. தமிழகத்தில் வ. உ. சிதம்பரம்பிள்ளை விலக்குதலோடு அமையாது, 1906 இல் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டார். 1919 மே 4 ஆம் நாள் பீக்கிங் நகரில் எழுந்த மாணவர் கிளர்ச்சியும் யப்பானியப் பொருள்களை விலக்கும் இயக்கமாகப் பரவிற்று.

நம் நாட்டில், 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், 1927 நவம்பரில் காந்தியடிகளை வரவழைத்தது. கதர் நிதியும் திரட்டப்பட்டது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கத்தின் தலையாயவருள் ஹன்டி பேரின்பநாயகமும் ஒருவர். முழு விடுதலை வேண்டி அவர்கள் 1931 ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தமையால் வடபகுதியின் நான்கு தொகுதிகள் 1934 வரை பிரதிநிதியின்றிக் கிடந்தன. மறுத்தலுக்கும் விலை உண்டு. அவ்விலையை மறுத்தவர் மட்டுமன்றி ஊராரும் செலுத்தினர்.

அதே காலத்துச் சூரியமல் இயக்கம் பிறிதொரு வழியைக் காட்டிற்று. போர் நினைவு நாளாகிய நவம்பர் 11 இல் விற்கப்பட்ட பொப்பி மலரின் வருவாயிற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. அதற்கு மாறாக 1931 இல் சூரியமல் விற்கப்பட்டது. 1933 முதல் இளைஞர் கழகங்கள் அதனைப் பொறுப்பேற்றன. சூரியமல் என்பது நம் வாவிக்கரையில் நாம் நாளும் காணும் பூவரசம்பூவே. மலேரியா நாட்டை வாட்டிய 1934-35 இல் அவ்விளைஞர் கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றினர். ஒரு பூவை மறுத்து வேறொரு பூவை அணிந்ததோடு அவர்கள் கடமை முடிந்ததாகக் கொள்ளவில்லை.

நுகர்ச்சி முழுவதும் தீது என்பதும் பொருந்தாது. 1960 பெப்ரவரி 1 இல் அமெரிக்காவின் கிறீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையருக்கே உரிய உணவு மேசையில் அமர்ந்து உணவு கேட்டனர். ஏனையோரும் சேர்ந்து அமர்ந்தும் கடையைப் பகிஷ்கரித்தும் போராடியதனால் அவ்வாண்டு யூலையில் தடை நீங்கிற்று. அங்கே வாங்கும் உரிமையே மானமாயிற்று.

இன்று வணிகம் எழுச்சியையே சரக்காக்கி விற்கின்றது. புரட்சியாளர் உருவம் பொறித்த சட்டையை வாங்கி அணிந்தவுடன் கடமை முடிந்ததென மனம் மயங்குகின்றது. பொலித்தீன் உணவுத்தாள் 2017 இல் தடைசெய்யப்பட்டது. எனினும் சட்டம் மாத்திரம் பழக்கத்தை மாற்றிவிடாது. அன்றாடக் கூலியில் சிறு பொதியாகச் சவர்க்காரத்தூள் வாங்கும் தாயைக் கடிதல் தொண்டாகாது. அவள் மோகத்தால் வாங்குகின்றாளல்லள். வசதியுடையோரே முதலில் மாறுதல் வேண்டும். கல்லூரி விழாவில் வாழையிலையில் உணவளித்தலும், மருதமுனைக் கைத்தறியை விலை சற்றுக் கூடினும் வாங்குதலும், வாவிக்கரையைத் துப்புரவு செய்தலும் மாணவராலும் பழைய மாணவராலும் இயல்வன.

விலக்குவதனோடு ஒன்றை ஆக்கவும், அதன் செலவைத் தாமே ஏற்கவும் முன்வரும் இளைஞரின் எழுச்சியே நிலைபெறும். நம் மாணவர் அவ்வழி நிற்பாராக.