புதுக் கல்லீரலும் புதிதாக வரும் சர்க்கரையும்

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பியவருக்குச் சில வாரங்களில் சர்க்கரை ஏறினால், பழி முதலில் அவருடைய சாப்பாட்டின் மேல்தான் விழுகிறது. அது நியாயமே இல்லை. அதற்கு முன் சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கும் இப்படி வருகிறது. அதிலும் ஹெபடைட்டிஸ் சி வைரஸால் கல்லீரல் கெட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

கெட்ட கல்லீரலை எடுத்துவிட்டாலும் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் அது புதுக் கல்லீரலையும் பிடித்துக்கொள்ளும். வைரஸின் மையப் புரதம், இன்சுலின் இடும் கட்டளை செல்லுக்குள் போய்ச் சேராதபடி தடுக்கிறது. உடம்பில் போதிய சர்க்கரை இருக்கும்போதே கல்லீரல் மேலும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. ஈடுகட்டக் கணையம் அதிக இன்சுலின் சுரக்க வேண்டும்.

அந்தக் கணையத்தின் கையைத்தான் மருந்து கட்டிப்போடுகிறது. ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து 1984-இல் பிரித்தெடுக்கப்பட்ட டாக்ரோலிமஸ், புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் காக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்களில் கால்சிநியூரின் என்ற நொதியை முடக்குவதே அதன் வேலை. இன்சுலின் தயாரிக்கும் பீட்டா செல்களுக்கும் அதே நொதி தேவை. கூடவே கொடுக்கப்படும் ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றுகிறது.

பரிசோதனையிலும் ஏமாற இடமுண்டு. காலையில் ஸ்டீராய்டு மாத்திரை போடுபவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருக்கலாம். பிற்பகலிலும் மாலையிலும்தான் எகிறும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும், ரத்தம் ஏற்றியவர்களிடமும் ரத்தசோகை உள்ளவர்களிடமும் ஆரம்ப மாதங்களில் தவறான அளவைக் காட்டக்கூடும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை பாருங்கள். சர்க்கரைக்குப் பயந்து டாக்ரோலிமஸை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உறுப்பே பறிபோகலாம். மருந்தின் அளவைக் குறைப்பதும் ஸ்டீராய்டைப் படிப்படியாக விலக்குவதும் மருத்துவர் செய்ய வேண்டியவை.

வைரஸையே ஒழிக்க ஒரு காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டு, காய்ச்சலும் சோர்வுமாய்த் தவித்தும் பலருக்கு சி வைரஸ் போகவில்லை. 2013-இன் இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை அனுமதி பெற்ற பிறகு நிலைமை தலைகீழானது. இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். மாற்று சிகிச்சைக்குப் பிறகும் இதைக் கொடுக்கலாம். வைரஸ் போனபின் பலருக்கு இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்யத் தொடங்குகிறது. டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு மருந்துகளின் பாதிப்பு மீதமிருக்கும் என்பதால் கண்காணிப்பை மட்டும் விடக்கூடாது.

இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சி வைரஸுக்கான பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பல ஆண்டுகளுக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் ஒருமுறை அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கல்லீரல் சுருங்கும் முன்பே வைரஸைக் கண்டுபிடித்தால், மாற்று சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.