பச்சைப்பாம்பா, சுருட்டையா? பெயர் தேடி நேரத்தை விடாதீர்கள்

சிங்கவரம் ரங்கநாதர் குகைக்கோயில் குன்றைச் சுற்றிலும் பாறை, புதர், மல்லாட்டைக் கொல்லை. ஓணானும் எலியும் உள்ள இடத்தில் பாம்பும் இருக்கும். அங்கே வீண் பயமும் கெடுதல், வீண் தைரியமும் கெடுதல்.

வீண் பயத்துக்குப் பலியாவது பச்சைப்பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று சொல்லியே அடித்துப் போடுகிறார்கள். ஒல்லி உடம்பு, கூர்மூக்கு, படுக்கைவாட்டில் கண்மணி. இதன் விஷப்பல் மேல்தாடையின் பின்பக்கம் இருக்கிறது. கவ்வி மென்றால்தான் விஷம் இறங்கும். மனிதருக்கு வலி, வீக்கம், மரத்துப்போதல் வரலாம், உயிர் போகாது.

வீண் தைரியம் பூனைப்பாம்பு விஷயத்தில் வருகிறது. இதுவும் பின்பல் மரப்பாம்பு, இரவில் நடமாடுவது. பழுப்பு உடம்பும் முதுகுக் கோலமும் பார்த்தால் சுருட்டை விரியன் மாதிரியே இருக்கும். பூனைப்பாம்பு வழுவழுப்பானது, சுருட்டை சொரசொரப்பான செதிலை உரசி இரையும். டார்ச் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? "பூனைப்பாம்புதான்" என்று வீட்டிலேயே இருந்து, கடித்தது சுருட்டையாகிவிட்டால் ரத்தம் உறையும் தன்மையை இழக்கும்.

நிபுணரும் தப்பவில்லை. 1957-இல் சிகாகோவில் பாம்பியல் அறிஞர் கார்ல் ஷ்மிட், பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்கப் பின்பல் பாம்பின் குட்டி கடித்தும் வைத்தியம் பார்க்காமல் மறுநாளே இறந்தார்.

கடித்தால்

- மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வையுங்கள்.
- கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள்.
- 108-ஐ அழையுங்கள்.
- பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம். மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் என்று புரிந்துவிடும். கண் இமை சொருகினால் நாகம், கட்டுவிரியன் பக்கம் யோசிப்பார்கள். விஷமுறிவு மருந்து தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

உங்கள் உரிமை

அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். அவசர சிகிச்சை தருவது அரசு, தனியார் என எல்லா மருத்துவர்களின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் முதல் தமிழகத்தில் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். உங்கள் ஊர்க் கணக்கு அரசுப் பதிவில் ஏறினால்தான் எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்று அரசுக்குத் தெரியும். நாட்டு வைத்தியரோடு நின்றுவிட்டால் அந்தக் கணக்கில் நீங்கள் இல்லை.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் கம்பைத் தேடாமல், எட்ட நின்று தீயணைப்புத் துறையின் 101-க்குச் சொல்லுங்கள். அடிக்கப் போகும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள்.