கணிப்பொறியின் மதகு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், குடவோலைத் தேர்தலால் புகழ் பெற்ற ஊர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊர் ஏரியைக் காக்க அறுவர் அடங்கிய ஏரி வாரியம் ஒன்று இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்குப் பெயர் தரும் உரிமையை இழந்தனர். நீரைக் காப்பவர் கணக்கையும் காக்க வேண்டும் என்பது அவ்வூரார் கருத்துப் போலும்.

மதகின் வழியே நீர் பாய்வதுபோல, கணிப்பொறியின் பிணைய வாயில் வழியே செய்தி பாய்கின்றது. பலருக்கும் செய்தி வழங்கும் கணிப்பொறியைச் சர்வர் என்பர். சர்வர்கள் பலவற்றை இயக்குவது யூனிக்ஸ் முறையும் அதன் வழிவந்த முறைகளுமே. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கியது இது. இம்மதகில் பாய்வதை எவ்வாறு அளப்பது?

செய்தியானது பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்தே செல்லும். உள்ளே வருவதற்கும் வெளியே செல்வதற்கும் தனித்தனி எண்ணிகள் உண்டு. ஒரு பொட்டலம் கடந்ததும் எண்ணி ஒன்று ஏறும். அதிலுள்ள பைட்டுகளும் தனியே கூட்டப்பெறும். நெட்ஸ்டாட் என்னும் கட்டளை இட்டால் இக்கணக்கு திரையில் தோன்றும். ஆயினும் அது காட்டுவது வேகம் அன்று. பொறி இயங்கத் தொடங்கியது முதல் சேர்ந்த தொகையே ஆகும். நம் வீட்டில் மின்கணக்கு எடுப்பவர் என்ன செய்கிறார்? இன்றைய எண்ணிலிருந்து சென்ற முறை குறித்த எண்ணைக் கழிக்கிறார். இங்கும் அதுவே வழி. முதலில் 50,00,000 பைட்டும், பத்து நொடி கழித்து 62,50,000 பைட்டும் காணப்பட்டால் வேறுபாடு 12,50,000. நொடிக்கு 1,25,000 பைட். பைட்டுக்கு எட்டுப் பிட் ஆதலால் நொடிக்குப் பத்து இலட்சம் பிட்.

எண்ணிக்கும் எல்லை உண்டு. 32 பிட் எண்ணி ஏறக்குறைய 429 கோடி வரை எண்ணிவிட்டு மீண்டும் சுழியத்திற்குத் திரும்பும். சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிலையங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986-இல் தொடங்கிய காலத்தில், நொடிக்கு 9,600 பிட் என்பதே நல்ல வேகம். அவ்வேகத்தில் பைட்டுகளை எண்ணும் எண்ணி நிரம்ப 41 நாள் ஆகும். நொடிக்கு நூறு கோடி பிட் செல்லும் இன்றைய இணைப்பிலோ 34 நொடியில் நிரம்பிவிடும்! ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவர், அது இடையில் எத்தனை முறை சுழன்றது என அறியார். அதனாலேயே 64 பிட் எண்ணிகள் வந்தன.

இதனினும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. உத்திரமேரூரை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஒரு சர்வர் இருப்பதாகவும், அதன் இணைப்பு நொடிக்கு ஒரு கோடி பிட் கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். தேர்வு முடிவு வெளியாகும் வேளை, முப்பது நொடி இணைப்பு நிரம்பி வழிகின்றது, பின்னர் ஓய்ந்துவிடுகின்றது. ஐந்து நிமிடச் சராசரியோ பத்தில் ஒரு பங்குதான். அதனைக் கண்டவர், இணைப்பில் இடம் மிகுதி என்பார். பக்கம் திறவாமல் தவித்த மாணவன் அதை ஏற்பானா? அவன் கூறுவதும் மெய்யே. ஆகவே அளப்பவர் பத்து நொடிக்கு ஒருமுறையேனும் எண்ணியைப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட பொட்டலங்களின் எண்ணிக்கையையும் அருகிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.