கல்லீரலுக்குள் வாய்க்கால் அடைபட்டால்...

மேட்டூரில் திறந்துவிடும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் கிளைத்து வயலில் பாய்வதைத் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படி ஒரு பாசனம் உங்கள் வயிற்றுக்குள்ளும் இரவு பகலாக நடக்கிறது.

நீங்கள் சாப்பிட்ட சோறு குடலில் செரிக்கிறது. அந்தச் சத்தை ஏந்திய இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. ‘போர்ட்டல் சிரை’ என்ற பெரிய நாளத்தின் வழியே முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பெரியவர்களின் கல்லீரலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு இந்தச் சிரை கொண்டுவருவதுதான். உள்ளே போனதும் அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நாளங்களாகப் பிரிந்து மெல்ல நகரும். அப்போது கல்லீரல் செல்கள் சர்க்கரையைச் சேமிக்கின்றன. நச்சுப் பொருள்களை முறிக்கின்றன. அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகின்றன.

கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் 120 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடோ 5 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாது. அவ்வளவு சாதுவான ஓட்டம் அது.

ஆனால் மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், கல்லீரலில் சேரும் அளவுக்கு மீறிய கொழுப்பு ஆகியவை பல ஆண்டுகள் தாக்கினால் கல்லீரல் முழுக்கத் தழும்பேறிக் கெட்டியாகிவிடும். இதுதான் ‘சிரோசிஸ்’. ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலில் தண்ணீர் மேலே தேங்கி, கரையை அரித்து, வேறு வழி தேடுமல்லவா? இரத்தமும் அதையே செய்கிறது. அழுத்த வேறுபாடு 10-ஐ எட்டினால் தொல்லைகள் தலைதூக்கும். 12-ஐத் தாண்டினால் நாளம் வெடிக்கும் ஆபத்து உண்டு.

தேங்கிய இரத்தத்தால் மண்ணீரல் வீங்குகிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய சிரைகள் இரத்தத்துக்குக் குறுக்குவழியாகிப் புடைக்கின்றன. அவை வெடித்தால் நோயாளி இரத்த வாந்தி எடுப்பார். குறுக்குவழியில் போன இரத்தம் கல்லீரலில் சுத்தமாகாததால், அம்மோனியா போன்ற பொருள்கள் மூளைக்குப் போய்க் குழப்பத்தையும் மயக்கத்தையும் உண்டாக்கும்.

இந்த அழுத்தத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கழுத்துச் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கல்லீரல் சிரைவரை செலுத்தி, அதன் நுனியில் உள்ள குட்டி பலூனை ஊதி அளக்கிறார்கள். எண்டோஸ்கோப்பி என்ற உள்நோக்குச் சோதனையில் பார்த்து, புடைத்த சிரைகளைச் சின்ன ரப்பர் வளையத்தால் இறுக்கிவிடவும் முடியும். இதய நோய்க்குத் தரப்பட்டுவந்த புரோப்ரனலால் மாத்திரை இந்த அழுத்தத்தையும் குறைக்கும் என்று 1980-ல் பிரான்ஸின் டிடியே லெப்ரெக் குழு காட்டியது. இன்றும் அந்த வகை மருந்துகள் உயிர்காக்கின்றன.

சரி, அடைப்புக்குக் காரணமான வைரஸையே விரட்ட முடியாதா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன் இந்தக் கேள்வியோடு கீழாநெல்லியைக் கையில் எடுத்தார். வயல் வரப்பில் பார்த்திருப்பீர்கள்: இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் கடுகு போன்ற காய்கள் வரிசையாக இருக்கும். மஞ்சள் காமாலைக்கு நம் ஊரில் காலங்காலமாக அரைத்துக் கொடுக்கும் செடி அது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்கும் அவருடன் சேர்ந்தார். 1988-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது: 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெற்றுக் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் சோதித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் இன்று அது ஹெபடைட்டிஸ் பி-க்கு உறுதியான மருந்தாக ஏற்கப்படவில்லை. பாட்டி சொன்னதானாலும் பேராசிரியர் சொன்னதானாலும், திரும்பத் திரும்பச் சோதித்து நின்றால்தான் அறிவியல் ஏற்கும். எவர் சொன்னாலும் இதே விதிதான்.

பல சோதனைகளில் நின்று வென்றது தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி உட்பட 5 நோய்களைத் தடுக்கும் ‘பென்டாவேலன்ட்’ ஊசி 2011 டிசம்பரில் இந்திய அரசின் திட்டத்தில் முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான் வந்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி ஊசி ஒன்று, பிறகு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்று அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடுகிறார்கள்.

இன்றே அம்மாவிடம் உங்கள் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் குட்டித் தம்பியோ தங்கையோ பிறந்தால், முதல் நாளிலேயே அந்த ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். யாருக்காவது கண் மஞ்சளித்தால் கைவைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். தழும்பேறி இறுகிப்போன கல்லீரலைச் சீராக்குவது மிகக் கடினம். ஆனால் பெரும்பாலோருக்கு அந்த நிலை வராமலே தடுத்துவிடலாம்.